கடிக்குங் கிள்ளை

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருத்தோணிபுரத்துப் பெருமானை நினைந்து அருளிச்செய்த பதிகம் ஒன்று முதற்றிருமுறைக்கண் உள்ளது. தலைவியொருத்தி வண்டு, குருகு, நாரை, குயில், பூவை முதலியவற்றை விளித்துத் தன் காதல் நோயைத் தலைவனுக்கு உரைக்குமாறு வேண்டுவதாக அமைந்தது அது. அவற்றோடு கிளியும் விளிக்கப்படுகின்றது. ஆயின் கிளியிடத்து அவள் பேசும் முறை வேறு. அதனைத் தூது செல்லென ஏவினாளல்லள். தன்னருகே வருமாறு அழைக்கின்றாள். தேனும் பாலும் முறைப்படி ஊட்டுவதாகச் சொல்லுகின்றாள். அதன்பின்னரே இறைவனது திருநாமத்தை ஒரேயொரு முறை தனக்குச் சொல்லுமாறு இரக்கின்றாள். அழைத்தல், ஊட்டல், வேண்டல் என்னும் இவ்வரிசையும், வேண்டுவது ஒருமுறையே என்னும் அளவும், கிளியின் இயல்பை அறியாதார் வாக்கில் எளிதிற் றோன்றற்பாலன அல்ல.

இனி மேலைநாட்டார் கூற்றொன்றினை இதனோடு வைத்து நோக்குவாம். உரோமாபுரி அரசிற் பெரும்பதவி வகித்து, கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை கனன்றெழுந்தபொழுது மாண்ட பிளினி என்பார், தாம் இயற்றிய இயற்கை வரலாறு என்னும் பெருநூலிலே கிளியைப் பற்றியும் எழுதியுள்ளார். இப்பறவை இந்தியாவினின்று வருவது என்றும், இதன் தலை அலகைப்போலவே வன்மையுடையது என்றும், பேசக் கற்பிக்குங்கால் இதனை இருப்புக்கோலால் அடித்தல் வேண்டும், அன்றேல் அடி இதற்கு உறைக்காது என்றும் கூறினார். நம் நாட்டுச் சோலையிற் பிறந்து கடல்கடந்து போன கிளிக்கு அங்கே கிடைத்த கல்வி அது. பிள்ளையார் காலத்துக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு முந்தியது அந்நூல்.

தேனும் பாலும் ஒருவழி, இருப்புக்கோல் ஒருவழி. இவ்விரண்டும் இன்றும் உள்ளன. இரும்பு மட்டும் மறைந்தது. அதனிடத்திலே தடித்த தோற்கையுறையும், அலகின்மேல் விரலாற் சுண்டுதலும், முகத்தில் நீரைப் பீச்சுதலும், கூட்டைத் துணியால் மூடி இருட்டில் அடைத்தலும் வந்து அமர்ந்தன.

மேற்செல்லுமுன் ஒன்று சொல்லற்பாலது. யாம் பேசப்புகுந்தது நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூட்டில் வைத்தலைப் பற்றியன்று. நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலும், விற்றலும், வீட்டில் அடைத்து வைத்தலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டன. அறியாது வைத்திருப்பார் அதனை வனத்துறையாரிடம் ஒப்புவித்தலே முறை. புண்ணியம் என்றெண்ணித் தாமே கூட்டைத் திறந்துவிடுவாராயின், ஊட்டுண்டு பழகிய அப்பறவை இரைதேடவும் பருந்தினின்று தப்பவும் அறியாது மடிதல் கூடும். அயல்நாட்டினவாய், கூட்டிலேயே பொரித்து, மனிதர் கையால் உணவு பெற்று, திரும்பிச் செல்லுதற்கு ஒரு காடும் இல்லாதனவாய் நம் இல்லங்களில் இருக்குங் கிளிகளே ஈண்டுக் கருதப்படுவன. அவற்றுட் பலவற்றை வைத்திருப்போர் 2022இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி அரசினரிடத்துப் பதிவுசெய்துகோடலும் வேண்டும்.

இவ்வுரைக்கு ஏதுவானது எம் அன்பர் ஒருவர் இல்லத்து ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி. உடல் சாம்பல் நிறமும் வால் செந்நிறமும் உடையது; கிளிகளுட் பேச்சு வன்மையாற் பெயர் பெற்ற இனம். அன்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாடோறுந் தேவாரம் ஓதும் நியமமுடையவர். கிளியை வாங்கி வளர்த்தவர் அவர் மகனார். ஐந்தாண்டு அதனோடு வாழ்ந்தபின் அவர் தொழிலின்பொருட்டு வெளிநாடு சென்றார். கிளி தந்தையார்க்கு எஞ்சியது. மகன் சென்ற பத்தாம் நாள் அஃது அன்பரின் சுட்டுவிரலைக் குருதியொழுகக் கடித்தது. ஒரு திங்களுக்குள் அவ்வீட்டில் அதனாற் கடியுண்ணாதார் அன்பரின் துணைவியார் ஒருவரே. அன்பர் தோற்கையுறை வாங்கினார், கையுறையையும் கடித்தது. அலகின் நுனியை வெட்டுவித்தல் தகுமா, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எமக்கு எழுதினார். முடங்கலின் இறுதியில், மகன் கையில் உறங்கிய உயிர் தம் கையைக் கிழிக்கின்றதென்றும், அதற்குத் தாம் செய்த தீங்கு யாதென்றும் வினவியிருந்தார்.

அவ்வினா அலகை வெட்டும் வினாவினும் பெரிது. அதனையே முதலில் எடுத்துக்கொள்வாம்.

கிளிக்கு அலகு உண்ணும் வாய் மாத்திரம் அன்று. முன்னிரண்டும் பின்னிரண்டுமாக அமைந்த விரல்களையுடைய அதன் கால்கள் கிளையைப் பற்றுதற்கு மிக ஏற்றன. எனினும் ஏறுங்கால் அஃது அலகினையே முதலிற் கொண்டு பற்றி, பின்னர்க் காலை எடுத்துவைக்கும். ஒரு கிளை தன்னைத் தாங்குமா என்று ஆராய்வதும் அலகினாலேதான். கையை நீட்டினால் அதன்மேல் ஏறுமுன் அலகால் மெல்லத் தொட்டுப் பார்க்கும். அறியாதார் கடிக்க வருகின்றதென்று அஞ்சிக் கையைச் சட்டென இழுத்துக்கொள்வர். நின்ற தரை பெயர்ந்தாற்போன்ற அச்சம் அதற்கு உண்டாம். மறுமுறை கையை நழுவவிடாது இறுகப் பற்றும். அவ்விறுக்கத்தையே நாம் கடி என்கின்றோம். இவ்வகையிற் பிறந்த வழக்குப் பல. கையை அசையாது உறுதியாக வைத்திருந்தால் இவை தாமே தீரும்.

உண்மையாகவே சினந்து கடித்தல் வேறு. காட்டிலே கிளி கூட்டமாக வாழ்வது. ஒன்றன் அணிமை மற்றொன்றற்கு வேண்டாதபோது அது சற்று விலகும், மயிரைச் சிலிர்க்கும், வாயைத் திறந்து காட்டும், அதுவும் போதாதாயிற் பறந்துவிடும். வானம் பரந்துகிடக்கையிற் குருதி சிந்துதற்குத் தேவையில்லை. கூட்டினுள் இருப்பதற்கோ விலகுதற்கு ஒரு சாணும், பறத்தற்கு ஒன்றுமில்லையும் எஞ்சியிருக்கின்றன. அவற்றையுங் கடந்து கை வருமாயின், வேண்டா என்று சொல்லுதற்கு அதற்கு எஞ்சிய சொல் கடியே. ஆகலின் கடி என்பது கிளியின் குணமன்று. கிளியின் கடைசிச் சொல்.

அன்பர் இல்லத்துக்கு யாம் சென்றிருந்த பொழுது, அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கின்றது என்றே அவர் முறையிட்டார். செய்துகாட்டுமாறு கேட்டோம். கையுறையணிந்து கூட்டின் கதவைத் திறந்தார். கிளி தண்டின் மறுகோடிக்கு நகர்ந்தது: அது முதற்சொல். கை பின்னும் சென்றது. பிடரிமயிர் சிலிர்த்து, வால் விசிறியாக விரிந்தது: இரண்டாவது. கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும் துடித்தது: மூன்றாவது. தலையைத் தாழ்த்தி உடலை விறைத்து வாயைத் திறந்தது: நான்காவது. கை நிற்கவில்லை. ஐந்தாவதாக விரலைக் கௌவிற்று. அன்பர் கூவிக் கையை வெளியே இழுத்துக்கொண்டார். கிளி அன்று கற்ற பாடம் யாது? நான்கு சொல்லைக் கேளாத கை ஐந்தாவதைக் கேட்டவுடன் போய்விட்டது என்பதன்றோ. இவ்வாறு பல நாட் கற்றபின் முதல் நான்கினைச் சொல்லுதலை அது விட்டுவிடும். அப்பொழுதுதான் முன்னறிவிப்பின்றிக் கடிக்கின்றது என்னும் முறையீடு மெய்யாகும். அதனை மெய்யாக்குவார் நாமே.

மருந்து தேடுமுன் நோய் உண்டோ என்று நோக்குதல் முறை. நேற்றுவரை கடியாத பறவை இன்று கடிக்குமாயின் உடலில் வலியிருத்தல் கூடும். பறவைகள் நோயைக் கூடியமட்டும் மறைப்பன. ஆதலாற் பறவை வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் முதலிற் காட்டுவித்தோம். நோயொன்றும் இல்லை. இனப்பெருக்கப் பருவத்திலும் கிளிகள் கடுமையடையும். சில திங்களில் அது தணியும். அதுவும் அன்று. உறக்கக் குறைவோ இருந்தது. இரவிற் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் இருளும் அமைதியும் கிளிக்கு வேண்டும். அவ்வீட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே கூடு. பதினொரு மணிவரை ஒளியும் ஓசையும். விழித்திருக்கும் பசியாத குழந்தையின் சிணுங்கலை நாம் அறிவோம். அதனைக் குணக்கேடு என்று சொல்லோம்.

மற்றொன்றும் கண்டோம். பூசையறை வாயிலிலே கூடு தொங்கிற்று. காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை அதன்மேற் படர்ந்தது. பறவையின் மூச்சுறுப்புக்கள் புகைக்கு மிக மெல்லியன. தூபம் இறைவற்கு உரியது. அதனை மறுக்க முடியாத ஓர் உயிரின் மூச்சில் ஏற்றுதல் பூசையின் பகுதியன்று. கூட்டை வேறு அறைக்கு மாற்றினோம். இதனைப் படிக்கும் அன்பர்கள் சமையலறையையும் நோக்குக. ஒட்டாத பூச்சுடைய தோசைச்சட்டி அளவுமீறிக் காயுமாயின் அதினின்றெழும் ஆவி, நம் மூக்குக்குத் தெரியாமலே, கிளியைச் சிறிது பொழுதிற் கொன்றுவிடும். வெண்ணெய்ப்பழமும் சாக்கலேட்டும் காப்பியும் அதற்கு நஞ்சு.

இனி, சித்தாந்தம் பயின்றார் சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். அன்பரும் எழுப்பினார். இறைவன் அறக்கருணையேயன்றி மறக்கருணையும் உடையன் அல்லனோ? தம் சொல்வழி நில்லாத புதல்வரைப் பெற்றோர் வளாரால் அடித்தலும் கட்டிவைத்தலும் பரிவேயாம், ஈசன் முனிவும் அத்தகையதே என்று சிவஞான சித்தியாருடையார் கூறினாரன்றோ? அற்றேல் யான் கிளியை அடித்தல் மாத்திரம் எவ்வாறு குற்றமாம்? என்பது.

நல்ல வினா, எளிதிற் றள்ளற்பாலதன்று. இதற்கு யாம் கூறியது வருமாறு. இறைவன் முற்றறிவுடையன். எவ்வுயிர்க்கு எவ்வினை எவ்வளவில் எக்காலத்து ஊட்டினால் அதன் மலம் பக்குவமுறும் என்பதனை அறிந்து ஊட்டுகின்றான். கத்தி மருத்துவன் கையிலும் உண்டு, கள்வன் கையிலும் உண்டு. அறுத்தல் ஒன்றேயாயினும் அறிவு ஒன்றன்று. கிளி ஏன் கடித்தது என்பதனையே அறியாத ஒருவன் அதற்குத் தண்டம் விதித்தல் மறக்கருணைக்கு ஒப்பாகாது. மறம் மாத்திரமே எஞ்சும். அன்றியும், அடி திருத்தவேண்டுமாயின் அடிபட்டது தான் செய்த செயலோடு அவ்வடியை இணைத்துக் காணல் வேண்டும். கிளி கடித்து, நாம் துள்ளி, விரலைத் துடைத்து, கோலைத் தேடி வருமுன் அதன் உள்ளத்திற் கடி கழிந்துவிட்டது. அது இணைத்துக் காண்பது அடியையும் கையையுமே. கையே உணவு தருவது. கையே நீர் வைப்பது. அக்கை இனி அஞ்சத்தக்கது என்று மாத்திரம் அது கற்கும். சித்தியார் பேசும் புதல்வனோ வளாரைக் காணுமுன் ஆயிரம் நாள் தாயின் மடியைக் கண்டவன். அவனுக்கு அடியின் பின்னே நிற்கும் அன்பு முன்பே தெரியும். மகனைப் பிரிந்து, அறியாத கைகளிடையே வந்துவிழுந்த கிளிக்கு அத்தகைய முன்னறிவு யாது உண்டு?

அற்றேலும், அடித்து வளர்த்த கிளியும் அடங்குகின்றதன்றோ எனின், அடங்கும். கையுறையாற் பிடித்து அமுக்கி, திமிறுந்தோறும் விடாது வைத்திருந்தால், ஒரு நாள் அது திமிறுதலை நிறுத்தும். அதனைப் பழகிற்று என்று விற்போர் காட்டுவர். கண்ணை உற்று நோக்குக. உணவைக் கையிலிருந்து தானே வந்து கொள்ளுமா என்று பார்க்க. நாம் அறைக்குள் வருங்கால் நம்மை நோக்கி வருகின்றதா, விலகுகின்றதா என்று பார்க்க. சொல்லினாற் பயனில்லையென்று கண்டு வாய்மூடிய உயிர் அது. அதனை அன்பென மயங்குவோர் அடியார்க்கும் அடிமைச் சந்தையில் நின்றார்க்கும் வேறுபாடு அறியாதவரேயாவர். சிறகைக் கத்தரித்துவிடுவோரும் இவ்வழியினரே; பறந்துபோய் விலகும் வாயிலையும் அடைத்தபின் கடி ஒன்றே திறந்த வாயிலாகும் என்பதனை அவர் எண்ணிற்றிலர்.

நம் பெருமான் உயிரை வலிந்து இழுப்பவனல்லன். தனு கரண புவன போகங்களைக் கொடுத்து, தன்னை மறைத்துநின்று, பக்குவம் வருந்துணையும் காத்திருக்கின்றான். திரோதானம் என்று நூலோர் கூறும் அம்மறைப்பும் அருளே. முன்வந்து நின்றால் அஞ்சும் உயிர்க்கு விலகிநிற்றலே உதவி. பசுவாகிய நாம் பதியை ஒப்பேம் என்பது தெளிவு. கிளியும் பசு, கிளியை வளர்ப்பானும் பசு. ஒருவர் தளையோடு மற்றவர் தளையை அவிழ்க்கப் புகுந்தேம். எனினும் பழக்கும் முறையைத் தேர்தற்கு அவ்வருளின் போக்கை நோக்குதல் தகும்.

யாம் அன்பர்க்கு உரைத்த முறை இது. முதற்கண் கையுறையைக் கிளியின் கண்ணிற் படாது அகற்றுக. கூட்டினின்று அது அமைதியாயிருக்கும் தொலைவைக் கண்டறிந்து அங்கே அமர்க. அமர்ந்து அதனை நேர்நின்று உறுத்து நோக்கற்க. இதில் நம்மவர் தவறுவது இயல்பு. ஆசிரியன் திருநோக்கால் மாணாக்கனுக்கு நயனதீக்கை செய்தல் உண்டு. மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பறவை பரிசத்தாலும் தத்தம் குஞ்சு பொரிக்கும் என்னும் உவமையும் நாம் கேட்டதே. ஆயின் இரு கண்ணையும் ஒருங்கே செலுத்தி நேர்நோக்குவது கிளியின் உலகிலே பருந்தின் செயல். கிளிக்குக் கண்கள் தலையின் பக்கங்களில் உள்ளன. எப்பக்கத்துப் பகை வரினும் காண்டற்கு அமைந்தவை. ஆதலின் பக்கவாட்டில் அமர்ந்து, ஏதேனும் ஒரு வேலை செய்துகொண்டு, இடையிடையே மெல்ல நோக்கி மெல்லக் கண்ணிமைத்தல் நன்று. தேவாரம் ஓதுதலினும் சிறந்த வேலை அப்பொழுதைக்கு இல்லையென்றோம், அன்பர் மகிழ்ந்தார்.

சில நாள் கழித்து ஓரடி அணுகுக. கிளி உடலை இறுக்குமாயின் அங்கேயே நின்று, அது தளர்ந்தவுடன் பின்வாங்குக. பின்வாங்குதலே அதற்குப் பரிசு. இது பலர்க்கு விளங்குவதில்லை. அமைதியாக இருந்தாலே கை விலகும் என்று அது கற்குமாயின் கடித்து விலக்கவேண்டுவதில்லை. இதன்பின் அதற்கு மிக விருப்பமான தின்பண்டம் யாதென அறிக. அன்பர் கிளிக்குச் சூரியகாந்தி விதை. கலத்தில் நிறைந்து கிடந்த அதனை எடுத்துவிட்டுக் காய், கனி, தானியங்களை வைத்து, சூரியகாந்தி விதையைப் பாடத்துக்கென்றே ஒதுக்குவித்தோம். இது பட்டினி போடுதலன்று. வயிறார உண்ணும் உயிர்க்கும் திருவிழாப் பண்டம் ஒன்று தனியே இருத்தல்போல்வது. முதலில் விதையைக் கலத்திலிட்டு விலகுக. பின்னர்க் கம்பியின் ஊடே நீட்டுக. நீண்ட கரண்டியால் நீட்டினும் இழுக்கில்லை. அது வந்து கொண்டால் நன்று. வாராதாயின் வற்புறுத்தற்க, விதையை வைத்துவிட்டுப் போகுக.

விதையைக் கையிலிருந்து கொள்ளத் தொடங்கியபின் ஒரு சிறுகோலை நீட்டுக. இருப்புக்கோலன்று, ஊதுபத்திக்குச்சி அளவினதாகிய மரக்குச்சி. கிளி அதனை அலகால் தொடும். இயல்பிலேயே எதனையும் தொட்டுப் பார்க்கும் பறவையாதலின். தொட்ட அக்கணமே ‘நன்று’ என்று ஒரே குரலிற் சொல்லி விதையைத் தருக. சொல்லும் பண்டமும் செயலை ஒட்டியே வருதல் இன்றியமையாதது. முன்னே அடியைப் பற்றி யாம் கூறிய காலக்கணக்கு இங்கும் உண்டு, நன்மைக்காக. பத்து இருபது முறைக்குள் குச்சியைத் தொட்டால் விதை வரும் என்று அறிந்துகொள்ளும். குச்சி செல்லுமிடமெல்லாம் அது செல்லும். பின்னர்க் குச்சியால் வழிகாட்டி ஒரு மரத்தண்டின்மேல் ஏற்றுக. தண்டுக்குப் பின் கை. கையை அதன் மார்பின் அடியில், காலுக்குச் சற்று மேலே, அசையாது நீட்டுக. ஏறினால் விதை, ஏறாது விலகினால் கையை எடுத்துவிடுக. பாடம் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. நாளைக்கு இரண்டு மூன்று முறை. அது விரும்பியிருக்கும்பொழுதே முடித்துவிடுக. தொடுதல் வேண்டுமாயின் தலையையும் கழுத்தையும் மாத்திரம் தொடுக. முதுகையும் சிறகின் கீழையும் தடவுதல் துணைப்பறவையின் செயலாதலால் அதனைப் பருவவெறிக்குத் தூண்டும். அதுவும் கடியில் முடியும்.

இடையிற் கடித்துவிட்டால்? கூவற்க, சிரிக்கற்க, கையை உதறற்க. கிளியை அருகிலுள்ள தண்டின்மேல் அமைதியாக இறக்கிவிட்டுச் சிறிது பொழுது விலகியிருந்து, தான் கேளாதுபோன முதற்சொல் யாதென எண்ணிப் பார்க்க.

கிளி தன் மறுப்பை நம் சொல்லாலேயே சொல்லக் கற்றதும் உண்டு. அமெரிக்க நாட்டு ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார் 1977இல் சிகாகோ நகரத்துக் கடையொன்றில் ஒரு சாம்பற்கிளியை வாங்கி, அலெக்சு எனப் பெயரிட்டு, 2007 செப்டம்பர் 6இல் அஃது இறக்குங்காறும் முப்பதாண்டு பயிற்றினார். அது நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பொருளறிந்து வழங்கிற்று. நிறமும் வடிவும் ஆறுவரை எண்ணும் கூறிற்று. பயிற்றிய முறை வியக்கத்தக்கது. இருவர் கிளியின் முன் அமர்வர். ஒருவர் ஒரு பொருளைக் காட்டி வினவ, மற்றவர் சரியாக விடையிறுத்து அப்பொருளையே பரிசாகப் பெறுவர். தவறினால் பொருள் மறைக்கப்படும். பின் இருவரும் இடம் மாறிக்கொள்வர். கிளி பார்த்திருந்து, தானும் அவ்வவைக்குள் நுழைய விரும்பிச் சொல்லக் கற்கும். அடியார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டே பழுத்தார் வரலாறுகளை நினைப்பார்க்கு இது புதிதாகத் தோன்றாது. எமக்கு அதனினும் இனித்தது வேறொன்று. களைத்தபொழுது அலெக்சு ‘வேண்டா’ என்று சொல்லும். கூட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்றும் சொல்லும். வேண்டா என்னும் சொல்லைக் கிளிக்குக் கொடுத்து, அதனைக் கேட்கவும் செய்தார் அவ்வம்மையார்.

அன்பர் இல்லத்தில் நிகழ்ந்தது உரைப்பாம். ஏழு திங்கள் ஆயின. முதன்முதல் கையிலிருந்து விதையை வாங்கியது அன்பரிடமன்று, அவர் துணைவியாரிடம். அவர் பாடமொன்றும் நடத்தினாரல்லர். நாடோறும் மாலையிற் பூசைக்குப் பூத்தொடுக்குங்கால் கூட்டின் அருகே அமர்ந்திருப்பார். கிளியிடத்து அவர் வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு நாள் நாரின் நுனியை அது கம்பியூடே பற்றி இழுத்தது. அவர் சிறிது நார் கொடுத்தார். அவ்வளவே தொடக்கம். அன்பர்க்கு இதில் வருத்தம் உண்டு. விதை வாங்கியவர் யான், தேவாரம் பாடியவர் யான், என்று எம்மிடம் நகைத்தும் நகையாதும் கூறினார். யான் எனது என்னுஞ் செருக்கு எத்துணைச் சிறிய பொந்தினுள்ளும் புகுந்து முட்டையிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. தாம் கூட்டினருகே செல்லும்பொழுது கிளியின் அன்பை வேண்டிச் சென்றதாகவே அவர் எண்ணியிருந்தார். மகன் போனபின் தமக்குக் கீழ்ப்படிய அவ்வீட்டில் எஞ்சியது அஃதொன்றே என்பதனைத் தாமே ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார். சொன்னபின் அவர் கை சற்றுத் தாழ்ந்தே நீண்டது.

செம்பிற் களிம்பு ஒரே தேய்ப்பிற் போவதன்று. இப்பொழுது கிளி அன்பர் கையில் ஏறுகின்றது, காலையில் மாத்திரம். மாலையில் விலகுகின்றது, அவர் விட்டுவிடுகின்றார். தடித்த கருப்பு உடையணிந்து யாரேனும் வரின் இன்னும் வாயைத் திறக்கின்றது; கையுறையின் நினைவு போலும். சென்ற திங்களில் ஒருமுறை கடித்தது, தோல் கிழியவில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் நூற்றுணிபு. ஐந்தாண்டு ஒருவர் அன்பையும், பின் சில திங்கள் அச்சத்தையும் சார்ந்த உயிர், மூன்றாவதொன்றைச் சார்தற்குக் காலம் கேட்கின்றது. அலகை வெட்டுதல், விற்றவரிடம் விடுத்தல் என்னும் பேச்சு இப்பொழுது இல்லை.

இன்னுமொன்று எஞ்சியுள்ளது. சாம்பற்கிளி மனிதர் வீட்டில் நாற்பது முதல் அறுபது ஆண்டு வரை வாழ்தல் கூடும். அன்பர்க்கு அகவை அறுபத்தாறு, கிளிக்கு ஆறு. எமக்கும் அன்பர் அகவையே. ஆதலால் இக்கணக்கை அவரிடம் சொல்லுதற்கு யாம் கூசவில்லை. ஒருவர் கையிலேயே பழகிய கிளி அவர் பிரியுமிடத்து மீளவும் கடிக்குங் கிளியாதல் அவ்வீட்டிற் கண்கூடு. அன்பர் ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளார். மருத்துவர் பெயர், உறங்கும் நேரம், விரும்பும் உணவு, விலக்கவேண்டியவை எனச் சில பக்கம். பிடரிமயிர், வால், கண், தலை என்று அதன் நான்கு சொல்லையும் வரிசையாக எழுதிய பக்கம் ஒன்று. அடுத்த வீட்டுச் சிறுமியொருத்தி, பன்னிரண்டு அகவையினள், பள்ளியினின்று வந்தபின் நாடோறும் அங்கே வந்து பக்கவாட்டில் அமர்ந்து தன் பாடத்தை உரக்கப் படிக்கின்றாள். கூட்டுக்கும் அவளுக்கும் இடையே முதலில் ஆறு முழம் இருந்தது. இவ்வாரம் நான்கு.